கர்தினால் கண்ட கோட்டாபயவும் மட்டக்களப்பு கண்ட கோட்டாபயவும்

2024 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் ஐந்தாவது ஆண்டு நினைவுக் காலத்தில், கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஒரு தொலைபேசி உரையாடலைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசினார். தாக்குதல் தொடர்பான ஜனாதிபதி ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை கையளிக்கப்பட்ட மறுநாள், அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ தன்னை அழைத்தார் என்றார் அவர். பரிந்துரைகளை நடைமுறைப்படுத்துவதானால் தன்னோடு தொடர்புடையவர்களைக் கைதுசெய்ய வேண்டிவரும், தன்னை ஆதரித்த அமைப்புகளைத் தடைசெய்ய வேண்டிவரும், ஆகவே அது கடினம் என்று கோட்டாபய கூறியதாகவும் கர்தினால் சொன்னார். கர்தினாலின் குற்றச்சாட்டுகளை மறுத்து கோட்டாபய அறிக்கை வெளியிட்டார்.

ஒருவர் சொன்னார் என்கிறார், மற்றவர் இல்லை என்கிறார். தொலைபேசியின் இரு முனையிலும் இருந்தவர்களைத் தவிர வேறு சாட்சி இல்லை. 260க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட ஒரு தாக்குதலின் நீதி, இரண்டு பெரிய மனிதர்களுக்கிடையிலான தனிப்பட்ட பேச்சில் வந்து நிற்கிறது. இது எப்படி நேர்ந்தது என்று கேட்பது, யார் உண்மை பேசுகிறார் என்று கேட்பதைவிட எங்களுக்கு முக்கியமானது. ஏனெனில் அந்த ஞாயிறன்று தாக்கப்பட்ட மூன்று தேவாலயங்களில் ஒன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். அங்கு இறந்த சுமார் 30 பேரில் 14 பேர் சிறுவர்கள்.

முதுகெலும்பு பற்றிய பேச்சு

2019 ஏப்ரல் 21 தாக்குதல் நடந்து ஐந்து நாட்களே ஆகியிருந்தபோது, ஏப்ரல் 26 அன்று, ஜனாதிபதித் தேர்தலில் தான் போட்டியிடப் போவதாகவும் தீவிரவாதத்தை ஒழிப்பதாகவும் கோட்டாபய ராஜபக்ஷ ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம் கூறினார். அப்போது எல்லா உடல்களும் அடையாளம் காணப்பட்டிருக்கவில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் தீக்காயங்களோடு பிள்ளைகள் கிடந்தார்கள்.

மூன்று மாதங்களின் பின், ஜூலை 21 அன்று, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம் திருத்தப்பட்டு மீண்டும் அர்ப்பணிக்கப்பட்டது. அங்கே பேசிய கர்தினால், இன்றைய தலைவர்களுக்கு முதுகெலும்பு இல்லை, இயலாதவர்கள் ஆட்சியை இயன்றவர்களிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்ற பொருள்படக் கடுமையாகச் சாடினார். மைத்திரி - ரணில் ஆட்சியின் மீது அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. முன்கூட்டிய புலனாய்வு எச்சரிக்கைகள் கிடைத்தும் அவர்கள் மக்களைக் காக்கவில்லை. 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றமும் அதையே கூறி, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு உத்தரவிட்டது.

ஆனால் ஒரு சொல்லுக்கு அது பேசப்படும் காலமும் பொருள் சேர்க்கிறது. 2019 ஓகஸ்ட் 11 அன்று பொதுஜன பெரமுன தன் வேட்பாளரை அறிவித்தபோது, அவரை முன்னிறுத்திய விதமே உறுதியான தலைவர் என்பதுதான். கர்தினால் எவருக்கும் வாக்களிக்கும்படி பகிரங்கமாகக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. முதுகெலும்பு இல்லாதவர்களை அவர் சுட்டினார். முதுகெலும்பு உள்ளவர் யார் என்பதைக் கேட்டவர்கள் தாமே நிரப்பிக்கொண்டார்கள். கட்டுவாப்பிட்டி அமைந்துள்ள கம்பஹா மாவட்டத்தில் கோட்டாபய கிட்டத்தட்ட 60 வீத வாக்குகளைப் பெற்றார். அவை கர்தினாலின் வார்த்தையால் விழுந்தவை என்று எவரும் நிறுவ முடியாது. ஆனால் உறவுகளை இழந்து தவித்த ஒரு சமூகம், தன் மேய்ப்பரின் மனக்கருத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று கூர்ந்து கவனிக்கும் என்பதை மறுக்கவும் முடியாது.

பௌத்த பீடத்தில் இருந்து வந்த சான்றிதழ் இதைவிட வெளிப்படையாக இருந்தது. 2018 ஜூன் 20 அன்று கோட்டாபயவின் 69ஆவது பிறந்தநாள் தான நிகழ்வில், அஸ்கிரிய பீடத்தின் அனுநாயக்கர் வெண்டருவே உபாலி தேரர் உபதேசம் செய்தார். சிலர் உங்களை ஹிட்லர் என்கிறார்கள், அப்படியானால் ஹிட்லராகவே இருந்து, இராணுவத்தோடாவது சேர்ந்து நாட்டைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள் என்பதே அதன் சாரம். உறுதியான தலைமைத்துவத்தையே தேரர் குறிப்பிட்டார் என்று பிற்பாடு விளக்கங்கள் தரப்பட்டன. தேரர் அந்த மனிதரிடம் கண்டதாகச் சொன்ன குணம்தான் எங்கள் மக்களுக்கு அவரிடத்தில் அச்சம் தந்த குணம். ஒரே ஆளைப் பற்றிய ஒரே அவதானிப்பு, ஒரு வீட்டில் ஆசீர்வாதமாகவும் இன்னொரு வீட்டில் எச்சரிக்கையாகவும் கேட்டது.

மட்டக்களப்பு ஏன் நம்பவில்லை

2019 நவம்பர் 16 தேர்தலில் கோட்டாபய நாடளாவிய ரீதியில் 52.25 வீதம் பெற்று வென்றார். மட்டக்களப்பு மாவட்டத்தில் அவருக்குக் கிடைத்தது சுமார் 13 வீதம். சஜித் பிரேமதாசவுக்கு 78 வீதத்துக்கும் மேல். உயிர்த்த ஞாயிறன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர், ‘பாதுகாப்பைத் தருவேன்’ என்று வந்த வேட்பாளரை இப்படித் திருப்பியனுப்பியது தெற்கில் பலருக்கு விளங்கவில்லை. அதை வெறும் இனவாத வாக்களிப்பு என்றும் சிலர் சொன்னார்கள்.

மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பக்கம் வாக்களித்த தேர்தல் அது. குண்டுதாரி காத்தான்குடியைச் சேர்ந்தவர் என்பதால் ஏப்ரலுக்குப் பின் இரு சமூகங்களுக்கும் இடையில் கடைத்தெரு வரை வந்த கசப்பையும் மீறி அது நடந்தது. அவரவர் காரணங்கள் வேறு. ஆனால் இருவரிடமும் அந்த வேட்பாளரைப் பற்றிய மனப்பதிவைவிடப் பழைய ஒன்று இருந்தது. அது அனுபவம்.

கோட்டாபய பாதுகாப்புச் செயலாளராகப் பதவியேற்றது 2005 நவம்பரில். அதே ஆண்டு டிசம்பர் 25 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். 2006 டிசம்பர் 15 அன்று கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் ரவீந்திரநாத் கொழும்பின் உயர் பாதுகாப்பு வலயத்தில் வைத்துக் காணாமலாக்கப்பட்டார். இந்தச் சம்பவங்களுக்கு இன்னார்தான் பொறுப்பு என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. அந்தப் பதவிக்காலத்தில் இவற்றுக்கு நீதி கிடைக்கவில்லை என்பது மட்டும் பதிவு.

அடுத்து நடந்தவற்றைத் திகதி வாரியாகப் பார்த்தால் அந்தத் தொலைபேசி அழைப்புக்கு ஒரு வேறு அர்த்தம் கிடைக்கிறது.

2019 நவம்பர் 18 அன்று அநுராதபுரம் ருவன்வெலிசாயவில் கோட்டாபய பதவியேற்றார். சிங்களப் பெரும்பான்மையின் வாக்குகளால் மட்டும் வெல்லமுடியும் என்று தனக்குத் தெரிந்திருந்தது என அங்கேயே சொன்னார். சில நாட்களுக்குள் குற்றப் புலனாய்வுத் திணைக்களப் பணிப்பாளர் ஷானி அபேசேகர இடமாற்றப்பட்டார். அதே திணைக்களத்தின் பொலிஸ் பரிசோதகர் நிஷாந்த சில்வா நவம்பர் 24 அன்று நாட்டைவிட்டு வெளியேறினார். 2021 ஜனவரி 13 அன்று, பரராஜசிங்கம் கொலை வழக்கைத் தொடரப் போவதில்லை என்று சட்டமா அதிபர் தெரிவித்ததை அடுத்து, மட்டக்களப்பு மேல் நீதிமன்றம் பிள்ளையான் உள்ளிட்ட சந்தேகநபர்களை விடுவித்தது. தேவாலயத்துக்குள் நடந்த ஒரு கொலை, பீடத்துக்கு முன்னால் நடந்த ஒரு கொலை, செய்தவர் எவரென்று தெரியாததாகவே மூடப்பட்டது.

உயிர்த்த ஞாயிறு ஆணைக்குழுவின் அறிக்கை ஜனாதிபதியிடம் கையளிக்கப்பட்டது அதற்குப் பிறகு, 2021 பெப்ரவரி 1 அன்று. கர்தினால் சொல்லும் அழைப்பு அதற்கும் மறுநாள்.

அதாவது, விசாரணையாளர்கள் அகற்றப்பட்டு 14 மாதங்களுக்கும் மேலாகி, மட்டக்களப்பின் தேவாலயக் கொலை வழக்கு கைவிடப்பட்டு மூன்று வாரங்களாகிய பின்னர்தான் அந்தத் தொலைபேசி ஒலிக்கிறது. இந்த ஆட்சியிடம் நீதி கிடைக்குமா என்ற கேள்விக்கான பதில் பத்திரிகைகளில் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. அழைப்பு உண்மையானாலும், மறுப்பு உண்மையானாலும், எங்களுக்குத் தெரியவேண்டியது அந்த அழைப்பில் இருக்கவில்லை. அறிக்கை கையில் வந்த பின்னரும் செயலே பேசியது. பொதுபல சேனாவைத் தடைசெய்யும்படி ஆணைக்குழு பரிந்துரைத்திருக்க, அந்த அமைப்பின் செயலாளர் ஞானசார தேரரை 2021 ஒக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ செயலணியின் தலைவராக ஜனாதிபதி நியமித்தார். அந்தச் செயலணியில் முதலில் ஒரு தமிழரும் இல்லை.

அறைக்குள் தெரியும் மனிதர்

மதத்தலைவர்கள் அரசியல்வாதிகளைத் தவறாக மதிப்பிடுவது அவர்கள் ஏமாளிகள் என்பதால் அல்ல. அவர்கள் அந்த மனிதரைக் காணும் இடம் அப்படி. ஆயர் இல்லத்துக்கும் விகாரைக்கும் பள்ளிவாசலுக்கும் சபை மண்டபத்துக்கும் வரும் வேட்பாளர் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறார். குனிந்து கும்பிடுகிறார். பொறுமையாகக் கேட்கிறார். தன் தாயைப் பற்றிப் பேசுகிறார். அவர் அங்கு நடிக்கிறார் என்றுகூடச் சொல்லத் தேவையில்லை. உண்மையாகவே அந்த அரைமணி நேரம் அவர் பணிவானவராக இருக்கலாம். ஆனால் ஒரு கோப்பைத் திறப்பதா மூடுவதா என்று அவர் முடிவெடுக்கும் அறைக்குள் எந்தக் குருவும் இருப்பதில்லை.

அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற போதகர் பில்லி கிரஹாம் ரிச்சர்ட் நிக்சனின் நெடுநாள் நண்பர். அவரது ஒழுக்கத்துக்கும் நேர்மைக்கும் மக்கள் முன்னால் சாட்சி சொன்னவர். 1974இல் வோட்டர்கேட் ஒலிப்பதிவுகளின் எழுத்துவடிவம் வெளிவந்தபோது, தான் அறிந்த மனிதர் இவரல்ல என்ற அதிர்ச்சி கிரஹாமுக்கு ஏற்பட்டது. கதை அதோடு முடியவில்லை. 2002இல் வெளியிடப்பட்ட இன்னோர் ஒலிப்பதிவில், 1972இல் வெள்ளை மாளிகையில் நிக்சனோடு சேர்ந்து யூதர்களைப் பற்றி இழிவாகப் பேசும் குரல் கிரஹாமினுடையதாகவே இருந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். அதிகாரத்தின் அருகில் அடிக்கடி போய்வரும் குருவுக்கு அந்த ஆளைத் தெளிவாகப் பார்க்கும் கண் மங்குவது மட்டுமல்ல, தன் நாக்கும் மாறிவிடுகிறது.

கர்தினால் விடயத்தில் இன்னொரு மாற்றத்தையும் நேர்மையாகப் பதிய வேண்டும். 2012இல் இலங்கை தொடர்பான ஜெனீவாத் தீர்மானத்தை உள்நாட்டு விவகாரத்தில் தேவையற்ற தலையீடு என்று அவர் எதிர்த்தார். 2018 செப்டெம்பரில், மனித உரிமைகள் மேற்குலகின் புதிய மதமாகிவிட்டது என்று பிரசங்கித்தார். 2022 மார்ச்சில் அதே கர்தினால் ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையின் முன் நின்று, இந்தப் படுகொலை ஒரு பாரிய அரசியல் சதியின் பகுதி என விசாரணைகள் காட்டுவதாகக் கூறி, சர்வதேசத்தின் உதவியைக் கேட்டார். முள்ளிவாய்க்காலுக்குப் பின் எங்கள் தாய்மார் தட்டிய அதே கதவு. அவர் பிந்தி வந்ததைக் குத்திக்காட்டுவதில் எங்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. தன் மந்தை கொல்லப்பட்ட பின்னர்தான் ஒரு மேய்ப்பருக்கு அந்தக் கதவு தெரிந்தது என்பதில், எல்லா மேய்ப்பர்களுக்கும் பாடம் உண்டு.

சீயோன் கத்தோலிக்க ஆலயமும் அல்ல. அது ஒரு சுவிசேஷ சபை. அவர்களுக்கு ஒரு கர்தினால் இல்லை. ஜனாதிபதி தொலைபேசியில் அழைத்து விளக்கம் சொல்லும் அளவுக்கு ஒரு தலைவரும் இல்லை. தேசிய ஊடகங்களின் கமராக்கள் ஒவ்வோர் ஏப்ரலிலும் கொச்சிக்கடைக்கும் கட்டுவாப்பிட்டிக்கும் போகின்றன. மட்டக்களப்பு கடைசியில் ஒரு வரியாக வருகிறது. நீதி தனிப்பட்ட உறவுகளின் வழியாகத்தான் கிடைக்கும் என்றால், அப்படியான உறவு இல்லாதவர்களின் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

எண்ணிக்கை வைத்த குருமார்

வடக்கு கிழக்குக்கு வேறொரு மரபும் உண்டு. 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை சமூகமளித்தபோது, ஜனாதிபதி நல்லவரா கெட்டவரா என்று சொல்லவில்லை. அரச அலுவலகங்களின் சனத்தொகைப் புள்ளிவிபரங்களையும் முகாம்களுக்கு வந்தோரின் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்த எண்ணைப் பலர் மறுத்தார்கள். இன்றுவரை அதற்கு ஒரு முழுமையான கணக்கு திருப்பித் தரப்படவில்லை. கர்தினால் தீர்மானத்தை எதிர்த்த 2012இல், அதை ஆதரித்துப் பேரவைக்குக் கடிதம் எழுதியவர்களும் இதே ஆயரும் வடக்கின் குருமார் பலருமே.

மட்டக்களப்பில் அந்த மரபு இன்னும் பழையது. 1988 ஜூன் 6 அன்று சுட்டுக்கொல்லப்பட்ட அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ, 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போன அமெரிக்க யேசு சபைக் குரு யூஜின் ஹேபேர்ட், சமாதானக் குழுவில் இருந்துகொண்டு காணாமலாக்கப்பட்டோரின் விபரங்களைத் திரட்டிய அருட்தந்தை பென் மில்லர் ஆகியோரை எங்கள் பெற்றோர் தலைமுறை பெயர் சொல்லி நினைவில் வைத்திருக்கிறது. 1990 செப்டெம்பர் 5 அன்று கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமில் இருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள் என்று இன்று நாம் திட்டமாகச் சொல்ல முடிவது, அன்று முகாமில் இருந்தவர்கள் பெயர்களை எழுதி வைத்ததால்தான். எந்த அமைச்சரும் எப்படிப்பட்டவர் என்ற அபிப்பிராயத்தை அவர்கள் எங்களுக்கு விட்டுச்செல்லவில்லை. பெயர், திகதி, இடம் ஆகியவற்றை விட்டுச்சென்றார்கள்.

இந்த இரண்டு வகைச் சாட்சியத்துக்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல. ‘அவரைச் சந்தித்தேன், நல்ல மனிதர்’ என்பதைச் சரிபார்க்க வழியில்லை. பிழைத்தால் பொறுப்பேற்கவும் எவரும் இல்லை. ‘இந்த நாளில் இத்தனை பேர், அவர்கள் எங்கே’ என்பதை ஆட்சி மாறினாலும், ஆயர் மறைந்தாலும், அடுத்த தலைமுறை எடுத்துக் கேட்கலாம்.

இப்போது யாருக்கு நற்சான்றிதழ்?

இது கோட்டாபயவோடு முடிந்த கதையல்ல. 2022 ஜூலையில் அவர் நாட்டைவிட்டு ஓடினார். 2024 செப்டெம்பர் 21 தேர்தலில் மட்டக்களப்பு சஜித்துக்கு சுமார் 44 வீதத்தையும், ரணிலுக்கு சுமார் 29 வீதத்தையும், அநுர குமார திசாநாயக்கவுக்கும் எங்கள் மாவட்டத்தவரான பா. அரியநேத்திரனுக்கும் தலா 12 வீதமளவிலும் வழங்கியது. நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் வென்றபோதும், மட்டக்களப்பு மாவட்டம் தமிழரசுக் கட்சியோடு நின்றது. பார்த்தால் நல்லவராகத் தெரிகிறார் என்பதற்காக இந்த மாவட்டம் இலகுவில் அசைவதில்லை.

ஆனாலும் காற்று மாறிக்கொண்டிருக்கிறது. ‘எளிமையானவர்’, ‘எங்களில் ஒருவரைப் போல’ என்ற பேச்சு இன்று கோவில் திருவிழா மேடைகளிலும் சபைக் கூட்டங்களிலும் கேட்கிறது. 2024 ஒக்டோபர் 6 அன்று புதிய ஜனாதிபதி கட்டுவாப்பிட்டிக்குச் சென்று கர்தினாலின் முன்னிலையில் நீதி பற்றி வாக்குறுதி அளித்தார். 2025 ஏப்ரலில் ஆணைக்குழு அறிக்கை மேலதிக விசாரணைக்காகக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதே மாதம் துணைவேந்தர் ரவீந்திரநாத் கடத்தல் தொடர்பில் பிள்ளையான் கைதானார். இவை செயல்கள், மனப்பதிவுகளைவிட மேலானவை. வரவேற்க வேண்டியவை. ஆனால் அவர் தடுத்துவைக்கப்பட்டது, நீக்குவதாக இதே கட்சி வாக்குறுதியளித்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ். கைதானவர் எவர் என்பதைப் பார்த்து அந்தச் சட்டத்தை நாங்கள் விரும்பத் தொடங்கினால், அதன் கீழ் வருடக்கணக்காகச் சிறையிருந்த எங்கள் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல முடியாது.

அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல் வரவேண்டும். அதற்கு முன்பே ஆசி வேண்டி வருகைகள் தொடங்கிவிடும். மாமாங்கேஸ்வரத்தில் பூசை, தேவாலயத்தில் முழந்தாள், பள்ளிவாசலில் தொப்பி, விகாரையில் வெள்ளைத் துணி எனப் படங்கள் வரும். படங்களோடு அந்தந்த மதத்தலைவரின் சில நல்ல வார்த்தைகளும் வரும். அவர்கள் சந்திக்கக் கூடாது என்று சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. யாரையும் வாசலில் நிறுத்துவது மத மரபும் அல்ல. சந்தித்துவிட்டு வெளியே வரும்போது என்ன சொல்கிறார்கள் என்பதைத்தான் நாம் மாற்றக் கேட்கலாம்.

போதகரே, ஐயரே, மௌலவியவர்களே, சுவாமி, அவர் எப்படிப்பட்டவர் என்று எங்களுக்குச் சொல்லவேண்டாம். அவரிடம் என்ன கேட்டீர்கள் என்று சொல்லுங்கள். சீயோன் பிள்ளைகளின் விசாரணை இப்போது யார் கையில், எந்தக் கட்டத்தில் என்று கேட்டீர்களா? பரராஜசிங்கம் வழக்கை மீண்டும் திறப்பீர்களா என்று கேட்டீர்களா? 1990இல் கொண்டுசெல்லப்பட்ட 158 பேரைப் பற்றிக் கேட்டீர்களா? பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எந்தத் திகதிக்குள் நீக்குவார் என்று கேட்டீர்களா? பதிலை எழுத்தில் வாங்கினீர்களா? இல்லை என்றால் இல்லை என்றே சபையில் சொல்லுங்கள். அதுவும் ஒரு தகவல்தான், வாக்களிப்பவருக்கு உதவும்.

உயிர்த்த ஞாயிறன்று சீயோன் வாசலில் தோள்பையோடு நின்ற ஒரு அந்நியனைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, உள்ளே விடாமல் கேள்வி கேட்டவர் ஒரு சாதாரண சபை உறுப்பினர். அந்தக் கேள்விகளால் மண்டபத்துக்குள் இருந்த நூற்றுக்கணக்கானோர் தப்பினார்கள். அவர் தப்பவில்லை. வாசலில் நின்று கேள்வி கேட்பதற்குப் பெரிய பதவி தேவையில்லை என்பதை இந்த ஊர் அவரிடம் கண்டிருக்கிறது. பதவியில் இருக்கும் குருமாரும் அதையாவது செய்யட்டும்.